சம்பளம் என்றுதான் எழுதுகிறார்கள், சம்பளம் ஏற்றினாலும் போய்விடுகிறார்கள். ஏன்?

கேள்வி கேட்டவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எச்.ஆர். பொறுப்பில் இருக்கிறார். நூற்றுச் சொச்சம் பேர் வேலை செய்யும் இடம். வருடத்துக்கு ஒரு முறை சர்வே எடுக்கிறார்களாம். "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் சம்பளம் என்று எழுதுகிறார்கள். ஏற்றிக் கொடுத்தாலும் நல்ல ஆட்கள் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விடுகிறார்கள். பயிற்சி வைத்தால் வர மறுக்கிறார்கள். "இவர்களுக்கு முன்னேற வேண்டும் என்ற எண்ணமே இல்லையா? ஊழியர்கள் தங்கள் வேலையையும் வளர்ச்சியையும் உண்மையில் எப்படித்தான் பார்க்கிறார்கள்?" என்பது அவர் கேள்வி.

நான் எச்.ஆருக்குப் பர்சனல் டிபார்ட்மெண்ட் என்று பெயர் இருந்த காலத்திலேயே தொழிற்சாலையில் இந்த வேலைக்கு வந்தவன். பிறகு ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. கம்பெனிகளிலும் இருந்திருக்கிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனி வாயால் சொல்லும் எதையும் வைத்து ஊழியர் தன் எதிர்காலத்தைக் கணக்குப் போடுவதில்லை. தனக்கு நாலைந்து வருடம் முன்னால் சேர்ந்தவர் இன்று எங்கே இருக்கிறார் என்று பார்க்கிறார். அவருக்கு நடந்ததுதான் தனக்கும் நடக்கும் என்று முடிவு செய்கிறார். உங்கள் மூன்று புதிருக்கும் இதற்குள்ளேயே விடை இருக்கிறது.

சர்வேயிலிருந்து தொடங்குவோம். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்கள். ஆனால் எந்த டிபார்ட்மெண்ட், எத்தனை வருட சர்வீஸ், எந்த ஷிஃப்ட் என்று கேட்டிருப்பீர்கள். நூறு பேர் இருக்கும் இடத்தில் இந்த மூன்றும் தெரிந்தால் ஆளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அது அவர்களுக்கும் தெரியும். "இன்சார்ஜ் எல்லார் முன்னாடியும் வாடா போடா என்கிறார்" என்று எழுதினால் சாயந்திரத்துக்குள் இன்சார்ஜ் காதுக்குப் போய்விடும். சம்பளம் என்று எழுதினால் யாருக்கும் கோபம் வராது. ஆக, அந்தத் தாளில் எழுத முடிகிற ஒரே பத்திரமான குறை அதுதான்.

இதற்காகச் சம்பளம் முக்கியமில்லை என்று கிளம்பிவிடாதீர்கள். மேனேஜ்மெண்ட் கூட்டங்களில் "பணம் மட்டுமே ஊக்கம் தராது" என்று யாராவது ஆரம்பித்தால் அந்த வருடம் இன்க்ரிமெண்ட் குறைவு என்று நான் புரிந்துகொள்வேன்.

அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1950-களின் கடைசியில் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் இன்ஜினியர்களும் கணக்காளர்களுமாகச் சுமார் 200 பேரிடம் இரண்டு விஷயம் கேட்டார். வேலையில் மிகவும் சந்தோஷமாக இருந்த ஒரு சமயத்தைச் சொல்லுங்கள். வெறுத்துப்போன ஒரு சமயத்தையும் சொல்லுங்கள். வெறுத்துப்போனதற்குக் காரணமாகக் கம்பெனி விதிகள், மேற்பார்வை செய்பவர், சம்பளம், வேலை செய்யும் சூழல் என்று வந்தன. சந்தோஷத்துக்குக் காரணமாக வேறு பட்டியல் வந்தது: ஒன்றைச் செய்து முடித்தது, அதை யாரோ கவனித்துச் சொன்னது, பொறுப்பு கிடைத்தது, மேலே போனது. இந்த ஆய்வைக் குறை சொன்னவர்களும் உண்டு. நல்லது நடந்தால் தன்னால் என்றும் கெட்டது நடந்தால் சூழலால் என்றும் சொல்வது மனித இயல்புதானே என்றார்கள். அந்த ஆட்சேபணையிலும் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் நம் ஊர்த் தொழிற்சாலையில் நின்று பார்த்தால் அடிப்படை சரியாகத்தான் படுகிறது. கேன்டீன் சாம்பார், கழிவறை, கம்பெனி பஸ், சம்பளம் ஏறும் தேதி எல்லாம் கெட்டுப்போனால் ஆள் போய்விடுவார். அவை சரியாக இருப்பதால் மட்டும் யாரும் வேலையில் ஒன்றிவிடுவதில்லை.

சென்னைக்கு இது பழைய பாடம். 1918 ஏப்ரலில் பெரம்பூரில் மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைத்தான் சொல்வார்கள். பின்னி மில் தொழிலாளர்கள், அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பி.பி.வாடியாவிடம் கொண்டுபோன குறைகளில் கூலி மட்டும் இருக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம் போதவில்லை, மேற்பார்வையாளர்கள் கேவலமாக நடத்துகிறார்கள் என்பதும் இருந்தன. அன்று வெளிப்படையாகச் சொல்ல ஒரு இடம் கிடைத்ததும் மற்ற குறைகளும் வெளியே வந்தன. உங்கள் சர்வே தாள் அப்படி ஒரு இடமாக இல்லை.

சரி, ஏற்றிக் கொடுத்தும் ஏன் போகிறார்கள்? இதற்கு உங்கள் ஷாப் ஃப்ளோரில் மாட்டியிருக்கும் ஸ்கில் மேட்ரிக்ஸ் போர்டை, அதாவது யாருக்கு எந்த மெஷின் எவ்வளவு தெரியும் என்று காட்டும் போர்டைப் பாருங்கள். இடது பக்கம் ஆட்களின் பெயர், மேலே மெஷின்களின் பெயர், ஒவ்வொரு கட்டத்திலும் நாலாகப் பிரித்த ஒரு வட்டம். கால் வட்டம் கறுப்பாக இருந்தால் கற்றுக்கொள்கிறார், அரை என்றால் மேற்பார்வையில் செய்வார், முக்கால் என்றால் தனியாகச் செய்வார், முழு வட்டம் என்றால் மற்றவருக்குக் கற்றுக் கொடுப்பார். அருமையான ஏற்பாடு. பல இடங்களில் அது கஸ்டமர் ஆடிட்டுக்கு முந்தின நாள் மட்டுமே புதுப்பிக்கப்படும். ஆடிட்டர் வரும்போது மார்க்கர் மை காய்ந்திருக்காது.

அந்தப் போர்டில் ஒரு பையனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஐ.டி.ஐ. டர்னர் முடித்தவன், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சி.என்.சி. லேத்தில் ஆபரேட்டர். பீஸை மாட்டுவான், கதவை மூடுவான், பட்டனை அழுத்துவான், எடுத்து கேஜில் பார்ப்பான். டூல் தேய்ந்தால், மெஷினைத் தயார் செய்து கொடுக்கும் செட்டரைக் கூப்பிட வேண்டும். செட்டர் வந்து வெட்டும் முனையான இன்செர்ட்டை மாற்றி, அதற்கேற்ற அளவுத் திருத்தமான ஆஃப்செட் போட்டு, முதல் பீஸை அளந்து பார்த்து ஓ.கே. சொல்லிவிட்டுப் போவார். பையன் பக்கத்தில் நின்று பார்ப்பான். ஒரு வருடத்தில் பாதி பிடிபடும். நைட் ஷிஃப்டில் செட்டர் ஒருவரே பத்து மெஷினுக்கு ஓடும்போது, "அண்ணா, நானே போட்டுப் பார்க்கட்டுமா?" என்பான். அவரும் "போடு, முதல் பீஸை மட்டும் என்கிட்ட காட்டிட்டு ஓட்டு" என்பார். இரண்டாவது வருடம் முடியும்போது அவனே செட்டிங் போடுவான். இது இன்சார்ஜுக்குத் தெரியும், செட்டருக்குத் தெரியும். போர்டுக்குத் தெரியாது. அங்கே இன்னும் அரை வட்டம்தான். உங்கள் சம்பளப் பட்டியலிலும் அவன் ஆபரேட்டர்தான்.

அவனுக்கு முன்னால் சேர்ந்த அண்ணன் ஆறு வருடமாக ஆபரேட்டராகவே இருக்கிறார். அவருக்கும் செட்டிங் தெரியும். பையன் அவரைப் பார்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரகடத்தில் இன்டர்வியூ. "செட்டிங் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். மெஷின் முன்னால் நிறுத்திப் போடச் சொல்கிறார்கள். போட்டுக் காட்டுகிறான். செட்டர் என்று லெட்டர் கிடைக்கிறது, சம்பளமும் கூடுகிறது.

நீங்கள் எக்ஸிட் ஃபார்மில் "அதிக சம்பளம்" என்ற கட்டத்தில் டிக் போடுகிறீர்கள். அவனும் மறுக்கப் போவதில்லை. ஆனால் அவன் போனது தனக்குத் தெரிந்த வேலையைத் தெரியும் என்று ஒத்துக்கொண்ட இடத்துக்கு. நீங்கள் ஆபரேட்டர் சம்பளத்தையே கொஞ்சம் ஏற்றிக் கொடுத்திருந்தாலும் அவன் போயிருப்பான், கூட ஆறு மாதம் ஆகியிருக்கலாம்.

ஓ.எம்.ஆரில் இதே கதை வேறு உடுப்பில் நடக்கும். ஒரு பெண் ராத்திரி கண் விழித்து கிளவுட் சர்ட்டிஃபிகேஷன் முடிக்கிறாள். வாழ்த்து மெயில் வருகிறது. புராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கும் பெஞ்சிலிருந்து எடுத்து எதில் போடுகிறார்கள்? பத்து வருடப் பழைய சாஃப்ட்வேருக்கு சப்போர்ட். கேட்டால், "இப்போதைக்கு இதுதான் இருக்கும்மா, அடுத்த குவார்ட்டரில் பார்க்கலாம்." அவள் டீமில் இருக்கும் மற்ற எட்டுப் பேரும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்த சர்ட்டிஃபிகேஷனுக்கு எத்தனை பேர் பதிவு செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? வருடத்துக்கு இத்தனை மணி நேரம் ஆன்லைனில் கற்றே ஆக வேண்டும் என்று விதி போடும் கம்பெனிகளில், கடைசி வாரம் ஆபீஸ் முழுக்க ஒரு ஜன்னலில் வீடியோ சத்தமில்லாமல் ஓடும், இன்னொரு ஜன்னலில் வேலை நடக்கும். இலக்கு மட்டும் நூறு சதவீதம் எட்டியிருக்கும். அங்கே உள்ளே கிடைக்கும் ஹைக், அதாவது சம்பள உயர்வு, பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீதம், வெளியே போனால் அதைவிடக் கூடுதல். ராஜினாமா கொடுத்தவருக்கு, கூடுதலாகத் தருகிறோம், இருந்துவிடுங்கள் என்று கவுன்டர் ஆஃபர் வரும். இத்தனை நாள் எங்கே இருந்தது இந்தப் பணம் என்ற கேள்வி அவருக்கு வருமா, வராதா?

பயிற்சிக்கு வர மறுப்பது பற்றி. எப்போது வைக்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை. என் ஊகம், ஷிஃப்ட் முடிந்த பிறகு அல்லது சனிக்கிழமை மதியம். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தொட்டு ஓவர்டைம் என்றால் இரட்டைச் சம்பளம். உங்கள் பயிற்சியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் அந்த இரண்டு மணி நேர ஓ.டி. போச்சு. பெண்களுக்குக் கம்பெனி பஸ்ஸும் போச்சு. திருநின்றவூருக்கோ செங்குன்றத்துக்கோ தனியாகப் பஸ் பிடித்துப் போக வேண்டும். போய் உட்கார்ந்தால் என்ன நடக்கிறது? வெளியிலிருந்து ஒருவர் வந்து, இங்கிலீஷ் ஸ்லைடு போட்டு, "டைம் மேனேஜ்மெண்ட்" எடுக்கிறார். நேரத்தைத் தன் இஷ்டத்துக்குப் பிரிக்க எந்த உரிமையும் இல்லாத, ஒரு பீஸுக்கு ஆகும் நேரம் (சைக்கிள் டைம்) நொடியில் அளக்கப்படும் ஒரு ஆபரேட்டருக்கு! போன வருடம் அதில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் அதே இடத்தில்தான் இருக்கிறார்கள் என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. முன்னேற ஆசை இல்லாமல் வர மறுக்கவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் மறுக்கிறார்கள்.

அதே ஆட்கள் கற்றுக்கொள்ளக் காசும் தூக்கமும் செலவழிப்பதை நீங்கள் பார்க்காமல் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2, குரூப் 4-க்குப் படிப்பவர்களில் வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்தவர்களும் இருப்பார்கள். ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் ஆன்லைனில் எடுக்கும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகப் பார்த்து, தேர்வுக்கு மட்டும் காசு கட்டி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-ல் ஆன்லைனில் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்பில் வேலையில் இருந்துகொண்டே சேர்ந்தவர்களும் உண்டு. இங்கெல்லாம் முடித்தால் என்ன கிடைக்கும் என்று தெரிகிறது. முடித்த யாரையாவது அவர்களுக்குத் தெரிந்தும் இருக்கிறது.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறான் என்று தெரிந்தால் அவனை ஓரம் கட்டும் மேனேஜர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிட முட்டாள்தனம் இல்லை. அரசு வேலை கிடைக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மீதிப் பேர் உங்களிடமே இருக்கப் போகிறார்கள், நீங்கள் ஓரம் கட்டியதை ஞாபகம் வைத்துக்கொண்டு.

வளர்ச்சி என்றால் எல்லாருக்கும் ஒன்றே என்று நினைப்பதில்தான் எச்.ஆர். ஆட்கள் அதிகம் சறுக்குகிறோம். ஏமி ரெஸ்னெஸ்கி என்ற ஆய்வாளரும் அவர் சகாக்களும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வேலையைச் சிலர் வருமானமாகப் பார்க்கிறார்கள், சிலர் மேலே ஏறும் படியாகப் பார்க்கிறார்கள், சிலர் அதையே தங்கள் வாழ்க்கையின் அர்த்தமாகப் பார்க்கிறார்கள் என்றார்கள். அதில் எனக்குப் பிடித்த பகுதி, ஒரே மாதிரி அலுவலக உதவியாளர் வேலையில் இருந்த ஒரு சிறு குழுவை எடுத்துப் பார்த்தபோதும் மூன்று வகையும் கிட்டத்தட்டச் சமமாக இருந்ததுதான். வேலையைப் பார்த்து ஆளின் மனசைச் சொல்ல முடியாது. அஞ்சரைக்கு மணி அடித்ததும் கிளம்பி அப்பாவின் கடையில் உட்காருகிறவரை நம் ஊரில் "ஆம்பிஷன் இல்லாதவர்" என்று எழுதிவிடுவார்கள். அவர் பீஸில் ரிஜெக்‌ஷன் இல்லை, லீவு எடுப்பதில்லை. அவருக்குச் சம்பளம் ஒழுங்காக வந்து, மரியாதையாக நடத்தினால் போதும். லீடர்ஷிப் பயிற்சிக்கு இழுத்துக்கொண்டு போய் அவர் பிராணனை வாங்காதீர்கள்.

வயதும் வீடும் கணக்கை மாற்றும். இருபத்தி மூன்று வயதில் கம்பெனி பெயர் முக்கியம். கல்யாணப் பேச்சு தொடங்கியதும் "பர்மனெண்டா?" என்ற கேள்வி வரும். காண்ட்ராக்ட் என்றால் பெண் வீட்டில் காபியோடு பேச்சு முடிந்துவிடும். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குக் கீழே படிப்பும் கம்பெனியும் அச்சாகிற ஊர் இது. டெசிக்னேஷனை வெறும் காகிதம் என்று மேனேஜ்மெண்ட் நினைக்கலாம், வாங்குகிறவர் அப்படி நினைப்பதில்லை. முப்பத்தைந்துக்கு மேல் வீட்டுக் கடன், பிள்ளைகள் ஸ்கூல் ஃபீஸ். அப்போது ரிஸ்க் எடுக்க மாட்டார், ஆனால் உள்ளுக்குள் தேங்கிப்போவார். நாற்பத்தைந்தில் இருக்கிற பயம் இரண்டுதான்: புது மெஷின் வந்தால் நமக்குப் புரியுமா, நம் பையன் வயதில் இருப்பவன் நமக்கு இன்சார்ஜாக வருவானா. இதை யாரும் ஃபார்மில் எழுத மாட்டார்கள்.

பெண்கள் விஷயத்தில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். 2017-ல் பேறுகால விடுப்பு 26 வாரமாக உயர்ந்தது. திரும்பி வருகிறவரை நல்ல மனதோடு லேசான வேலையில் உட்கார வைக்கிறோம். "குழந்தை இருக்கு, உனக்கு எதுக்கும்மா டென்ஷன்?" இரண்டு வருடம் கழித்து பிரமோஷன் பட்டியல் போடும்போது, முக்கியமான வேலை எதுவும் பார்க்கவில்லையே என்று அவர் பெயரை அடிக்கிறோம். யாரும் கெட்டது நினைக்கவில்லை, ஆனால் அடுத்து கல்யாணமாகி லீவுக்குப் போகப் போகிற பெண்கள் எல்லாரும் இதைக் கவனித்துவிட்டார்கள்.

பிரமோஷன் என்றால் சூப்பர்வைசர் ஆக்குவது மட்டுமே என்று வைத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். கை வேலையில் மன்னனாக இருக்கும் செட்டருக்கு எக்செல் ஷீட்டும் ஆள் பஞ்சாயத்தும் கொடுத்தால் இரண்டு பக்கமும் நஷ்டம். செட்டர், சீனியர் செட்டர், மாஸ்டர் என்று கை வேலையிலேயே ஏற வழி வையுங்கள், சூப்பர்வைசருக்குச் சமமான சம்பளத்தோடு. வேலையை மேம்படுத்தும் ஒரு ஐடியாவுக்கு இவ்வளவு ரூபாய் என்று கைசென் பெட்டி வைக்கும் பழக்கம் உங்களிடம் இருந்தால், அதையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். ஐடியாவுக்குப் பணம் என்றால் சீட்டு குவியும். "இங்கே ஒரு போர்டு வைக்கலாம்" வகைச் சீட்டுகள்தான் அதிகம். எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் 1971-லேயே கல்லூரி மாணவர்களுக்குப் புதிர் கொடுத்துப் பார்த்தார். காசு வாங்கிக்கொண்டு புதிரைப் போட்டவர்கள், காசு நின்றதும் அதைத் தொடுவதையே குறைத்துவிட்டார்கள். ஐடியா சொன்னவரிடமே அதைச் செய்து பார்க்க நேரமும் பொருளும் கொடுத்தால் கதையே வேறு.

இப்போது என்ன செய்யலாம்? சர்வேயை ஒரு வருடம் நிறுத்துங்கள். ஐந்து வருடம் முன்னால் சேர்ந்தவர்களின் பெயர்களை எழுதி, இன்று யார் எங்கே, என்ன பதவியில், யார் போனார்கள் என்று ஒரே தாளில் பாருங்கள். அந்தத் தாள்தான் உங்கள் கம்பெனியைப் பற்றி ஊழியர் மனதில் இருக்கும் படம். ஸ்கில் போர்டை மாதா மாதம் செட்டரையும் இன்சார்ஜையும் வைத்துப் புதுப்பியுங்கள். முக்கால் வட்டம் வந்தால் எவ்வளவு அலவன்ஸ், முழு வட்டம் வந்தால் எவ்வளவு, எத்தனை மாதத்தில் செட்டர் லெட்டர் என்று தமிழில் எழுதி அதே சுவரில் ஒட்டுங்கள். அந்த ஆறு வருட ஆபரேட்டரிடமிருந்து தொடங்குங்கள். அவருக்கு முதல் லெட்டர் கொடுத்தால் மற்றவர்களுக்கு நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை. பயிற்சியை ஷிஃப்டுக்குள் வையுங்கள், உங்கள் செட்டரே தமிழில் எடுக்கட்டும். அவருக்கும் அதற்கு ஒரு தொகை கொடுங்கள்.

ஆள் போவதற்கு முன்னால் பேசுங்கள். ரூமுக்குக் கூப்பிட்டால் பயந்துவிடுவார்கள். டீ நேரத்தில் மெஷின் பக்கம் போய், "தம்பி, போன மாசத்துல எந்த நாள் நேரம் போனதே தெரியலை?" என்று கேட்டுப் பாருங்கள். "இங்க யாரை மாதிரி வரணும்னு நினைக்கிறீங்க?" என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு ஒரு பெயர் கூட வரவில்லை என்றால் ஆள் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

"சொல்லிக்கொடுத்த பிறகு போய்விட்டால்?" என்று உங்கள் முதலாளி கட்டாயம் கேட்பார், இத்தனை வருடம் வேலையை விட மாட்டேன், விட்டால் பணம் கட்டுவேன் என்று பாண்டு எழுதி வாங்கச் சொல்வார். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். அதைக் காட்டி முதலாளி சந்தோஷப்படலாம். ஆனால் அது ஒரு பொதுத்துறை நிறுவனம், ஆள் எடுக்கும் முறையும் அதன் செலவும் வேறு, பதவியும் வேறு. ஐ.டி.ஐ. பையனிடம் பாண்டு வாங்கினால், சேர வருகிறவர்களில் வேறு வாய்ப்பு உள்ளவர்கள் முதலில் ஒதுங்கிவிடுவார்கள். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தால் அதை இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செலவு அதிகமான வெளிப் பயிற்சிக்கு அனுப்பும்போது மட்டும், ஆன செலவில் ஒரு பங்கு, மாதம் ஆக ஆகக் குறையும்படி, எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செட்டிங் மாதிரி உள்ளேயே கற்றுக்கொள்ளும் வேலைக்கு எந்தப் பாண்டும் வேண்டாம். அதை அவன் நைட் ஷிஃப்டில் ஏற்கெனவே கற்றுக்கொண்டுவிட்டான்.